கடல் என்று கருதப்படும் தரை

கடலில் நடந்த குற்றத்தைக் கடலில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். கடலைப் பார்த்தாலே தலை சுற்றி வாந்தி வரும் என்பது நீதிபதிகளின் உடம்புவாகு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் எட்டப்பட்டு இருநூறு வருஷம் ஆகிறது. முதலில் துறைமுகத்தில் இருந்த நீதிமன்றம், மீன் நாற்றம் தாங்கவில்லை என்று ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றின் உச்சிக்குப் போனது. தினமும் விசாரணைக்கு முன் ஒரு குடம் கடல்நீரைச் சுமந்துவந்து கூடத்தின் தரையில் ஊற்றுவார்கள். குமாஸ்தா எழுந்து நின்று "இது கடல்" என்று மூன்று தரம் அறிவிப்பார். அதன் பிறகு அது கடல்.

கடலாகிவிட்ட இடத்துக்குள் யாரும் சும்மா நடந்து வந்துவிட முடியாது. வாசலில் ஒரு பலகை போட்டிருக்கும், அதில் ஏறித்தான் வரவேண்டும். அனுமதி கேட்காமல் வெளியே போகிறவர் கடலில் விழுந்தவராகப் பதிவாகிவிடுவார். கொள்ளையர்களுக்காக வாதாட நியமிக்கப்பட்ட வக்கீல் நான்காம் மாதத்தில் ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினார். அன்றிலிருந்து அவர் மூழ்கிப்போனவர். தினமும் வந்து வாசல் மரத்தடியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடம் வழக்கு எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரிப்பார். அவருடைய உடல் கிடைக்கும்வரை அவரை உள்ளே அனுமதிக்க வழியில்லை என்று நீதிமன்றம் வருத்தத்தோடு சொல்லிவிட்டது.

இந்தக் கடலில்தான் நம்முடைய சமையல்காரர் பதினான்கு மாதமாக வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். கடலில் நாற்காலி ஏது? நீதிபதிகளின் மேடை மட்டும் கப்பலின் மேல்தட்டு என்று கருதப்பட்டதால் அங்கே மெத்தை தைத்த நாற்காலிகள் இருந்தன.

அவர் ஒரு சரக்குக் கப்பலின் சமையல்காரர். கப்பலில் மொத்தம் பதினான்கு பேர். அதில் ஒருவர் அவருடைய மச்சான், பெண்டாட்டியின் ஒரே தம்பி, கப்பலின் தச்சர். இருபத்தெட்டு வயது, முரட்டு ஆள், வாயைத் திறந்தால் "புண்ணாக்கு". பாய்மரம் கட்டுகிறவன் புண்ணாக்கு, காற்று வீசாத வானம் புண்ணாக்கு, கப்பல் தலைவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அவரும் புண்ணாக்குதான். சமையல்காரரை ஊரில் "அத்தான்" என்பார், கப்பலில் புண்ணாக்கு என்பார்.

கொள்ளையர்கள் வந்தது பட்டப்பகலில். அடுப்பில் சோறு பாதி வெந்திருந்தது. மச்சான் கையில் உளியோடு ஓடிவந்து, சமையல்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்து அரிசிப் பெட்டிக்குள் தள்ளினார். "உள்ள போ, புண்ணாக்கு! மூச்சு விடாத!" என்று சொல்லி மூடியைச் சாத்தினார். அதுதான் கடைசி. அரிசிக்குள் கழுத்துவரை புதைந்து கிடந்த சமையல்காரர் எல்லாவற்றையும் கேட்டார், எதையும் பார்க்கவில்லை. சத்தம் அடங்கி வெளியே வந்தபோது மேல்தட்டில் தலைவரின் உடல் மட்டும் கிடந்தது. மற்றப் பன்னிரண்டு பேரையும் காணோம். இரண்டு நாள் அந்தக் கப்பலில் அவரும் அந்தப் பிணமும் தனியாக மிதந்தார்கள். மூன்றாம் நாள் வேறொரு கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது.

ஒரு மாதத்தில் கொள்ளையர்கள் ஏழு பேர் பிடிபட்டார்கள். தலைவருக்கு உடல் இருந்தது, ஆகவே அது கொலை. மற்றவர்களுக்கு உடல் இல்லை. உடல் இல்லாதவர்கள் கொள்ளையர்களோடு சேர்ந்துகொண்டிருக்கலாம் என்பது அரசு வக்கீலின் கருத்து. அந்தக் கருத்து சமையல்காரருக்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் வீடு திரும்பியபோது மாமனார் வீட்டுச் சுவரில் யாரோ கரியால் "கொள்ளைக்காரன் வீடு" என்று எழுதியிருந்தார்கள். மாமனார் அதை அழிக்கக்கூட வெளியே வருவதில்லை.

அவருடைய மனைவி அழவில்லை. வாசற்படியில் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவன் ஓடிப்போகலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் பெட்டிக்குள்ள இருந்தீங்களே?"

அவர் படியேறப் பார்த்தார். அவள் விலகவில்லை.

"போங்க. போய் அந்தக் கோர்ட்டுல சொல்லி எழுதி வாங்குங்க. என் தம்பி பேரும் அவனுக்கு என்ன ஆச்சுங்கறதும் எழுத்துல இருக்கணும். அதுக்கப்புறம் வீட்டுக்கு வாங்க."

அவரும் வந்தார். வந்தவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். கப்பல்காரன் எந்த நேரமும் கப்பலேறிவிடுவான், அதனால் சாட்சியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பத்திரமான இடம் என்று அந்த ஊரில் சிறை ஒன்றுதான் இருந்தது.

விசாரணை கடலில் நீர் ஏறியிருக்கும்போது மட்டுமே நடக்கும். நீர் இறங்கிவிட்டால் கூடம் மறுபடி தரையாகிவிடும், தரையில் பேசியது எதுவும் ஏட்டில் ஏறாது. குன்றின் மேலிருந்து கடல் தெரியாது என்பதால் நீர் ஏறியதா இறங்கியதா என்பதைத் தலைமை நீதிபதியே அறிவிப்பார். அவருக்குப் பசித்தால் கடல் வற்றிவிடும். விருந்துக்குப் போகவேண்டிய நாட்களில் காலை பத்து மணிக்கெல்லாம் வற்றியதுண்டு.

அப்படி வற்றியும் ஏறியும் பதினான்கு மாதம் போனதில், ஏழு கொள்ளையர்களில் ஆறு பேர் சிறைக்காய்ச்சலில் செத்துப்போனார்கள். ஆறாவது ஆள் போன அன்று தலைமை நீதிபதி ஓர் உரை ஆற்றினார்.

"இந்த நீதிமன்றம் தாமதம் செய்கிறது என்று சிலர் புறம் பேசுவதை நாம் அறிவோம். ஏழு எதிரிகள் கொண்ட ஒரு வழக்கில் ஆறு பேரை, ஒரு சாட்சியைக்கூட முழுதாக விசாரிக்காமல், ஒரு வரி தீர்ப்புக்கூட எழுதாமல் நாம் முடித்திருக்கிறோம். இத்தனை சிக்கனமாக நீதி வழங்கிய மன்றம் வேறு எங்காவது உண்டா என்று கேட்க விரும்புகிறேன்."

அனுமதியில்லாமல் பதில் சொல்வதும் குற்றம்.

மிஞ்சிய ஏழாவது ஆள் ஒற்றைக்காதன். நெட்டையான உடம்பு, இடது காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துளையும் தழும்பும். அடையாளத்துக்காக ஏட்டில் அவனைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார்கள். ஒருநாள் குமாஸ்தா அதைப் படித்தார்: "இடது காது இல்லை. எலி கடித்தது எனத் தெரிகிறது."

ஒற்றைக்காதன் அதுவரை வாயைத் திறந்ததே இல்லை. அன்று சங்கிலி குலுங்க எழுந்தான்.

"யாருய்யா எலின்னு எழுதினது? எலியாவது கடிக்கிறதாவது! இது அந்தக் கப்பல் தச்சன் உளியால அறுத்தது. பன்னண்டு பேருல அவன் ஒருத்தன்தான் எதிர்த்து நின்னான்!"

சமையல்காரர் ஓரடி முன்னே வந்தார். குமாஸ்தா பேனாவை மையில் தொட்டார். தலைமை நீதிபதி வயிற்றைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"நீர் இறங்கிவிட்டது" என்றார்.

குமாஸ்தா பேனாவைத் துடைத்து வைத்தார். சமையல்காரர் "ஐயா, அவன் இப்பத்தான் சொன்னான், எல்லாரும் கேட்டாங்க ஐயா" என்று கெஞ்சினார். சொல்லப்பட்டது தரையில், தரை இந்த மன்றத்தின் எல்லைக்குள் வராது என்று விளக்கினார்கள். மறுநாள் நீர் ஏறியதும் அதே கேள்வியைக் கேட்கச் சொல்லி மன்றாடினார். அடையாளப் பத்தி ஏற்கெனவே படிக்கப்பட்டுவிட்டது, படித்ததை மறுபடி படிக்கும் வழக்கம் இல்லை என்றார்கள்.

சிறையில் இருவருக்கும் அடுத்தடுத்த அறை. நடுச்சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்திருந்தது. மச்சானைக் கொன்ற கூட்டத்தில் ஒருவன் என்று அத்தனை மாதமும் சமையல்காரர் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. அன்று பிற்பகல் திரும்பினார்.

"நீ சொன்னது நெசமா?"

"எது?"

"காது."

"பின்ன? என்னைக் குத்த வந்தான், நான் குனிஞ்சேன், காதோட போச்சு. வாய் வேற சும்மா இருக்கல அவனுக்கு. வெட்டும்போது கூட, 'வாடா புண்ணாக்கு'ன்னான்."

சமையல்காரர் சுவரில் நெற்றியை வைத்து அழுதார். பதினான்கு மாதமாக யாருடைய வாயிலிருந்தும் அவர் கேட்காத வார்த்தை அது. அவருக்கும் மச்சானுக்கும் மட்டுமே உரியது என்று நினைத்த வார்த்தை, இப்போது இந்தப் பாவியிடமும் இருந்தது. உலகத்தில் அந்தப் பகலைப் பற்றிப் பேச அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆள் இவன்தான். இவனை வெறுத்தார். நாளைக்கும் இவன் அந்தப் பக்கம் உயிரோடு இருக்க வேண்டுமே என்றும் தவித்தார்.

"அப்புறம்?" என்று கேட்டார்.

"அப்புறம் என்ன? நான்தான் குத்தினேன். கடல்ல விழுந்தான்." கொஞ்ச நேரம் கழித்து, "எலியாம்!" என்று அவன் தனக்குள் முனகியது கேட்டது.

தீர்ப்பு நாள் வந்தது. தலைவரைக் கொன்றது நிரூபணமானது. மற்றப் பன்னிரண்டு பேரும் "காணாமல் போனவர்கள், கொள்ளையர்களோடு சேர்ந்திருக்கவும் கூடும்" என்று குமாஸ்தா படித்துக்கொண்டே போனார். சமையல்காரருக்கு மாமனார் வீட்டுக் கரிச்சுவர் கண்ணுக்குள் வந்தது.

அவருக்கு ஒரு ரகசியம் தெரியும். வந்த இரண்டாம் வாரமே தெரிந்துகொண்டது. கடல்நீர் காய்ந்தால் தரையில் உப்புப் பூக்கும். இந்தத் தரையில் ஒருநாளும் பூத்ததில்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், சந்தேகமே இல்லை. தண்ணீர் சுமக்கிற பெரியவரைத் தனியாகக் கேட்டார். அவர் முழங்காலைக் காட்டி, "கடலுக்கு இறங்கி ஏற முடியலப்பா. கோர்ட்டுக்குப் பின்னாலயே கிணறு இருக்கு. தண்ணின்னா எல்லாம் தண்ணிதானே? சொல்லிடாத, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வழக்கு சீக்கிரம் முடிந்தால் போதும் என்று சமையல்காரரும் வாக்குக் கொடுத்து, சொல்லாமல் இருந்தார். அந்தப் பெரியவருக்குக் கொடுத்த வாக்கை இன்று மீற வேண்டியிருந்தது.

"ஐயா, இது கடல் இல்லீங்க! கிணத்துத் தண்ணி!"

கூடத்தில் இருநூறு வருஷமாக அப்படி ஓர் அமைதி நிலவியதில்லை. நீதிமன்றம் கடல் என்று அறிவித்ததைக் கிணறு என்பவனின் நாக்கைச் சந்தேகிக்க வேண்டும் என்றார் அரசு வக்கீல். சுவைத்துப் பார்த்துவிடலாம் என்றார் இளைய நீதிபதி. ஆனால் கடல்நீரின் சுவை தெரிந்தவர்தான் அதைச் சொல்ல முடியும். மேடையில் இருந்த மூவரும் கடலைத் தொட்டதில்லை. குமாஸ்தா ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். கடல் நீதிமன்றத்தில் கடலை வாயில் உணர்ந்தவர்கள் இரண்டே பேர், சாட்சியும் கொலைகாரனும். சாட்சி ஏற்கெனவே கட்சி கட்டிவிட்டார். ஆகவே ஒற்றைக்காதனை நிபுணராக நியமித்து, கையைச் சுத்தம் செய்துகொள்ள ஒரு துண்டும் கொடுத்தார்கள்.

அவன் குனிந்து தொட்டு நக்கினான்.

"கிணறுதான். நல்ல கிணறு."

தலைமை நீதிபதி நெடுநேரம் யோசித்து ஆணை பிறப்பித்தார்.

"பதினான்கு மாதமாக இந்த மன்றம் கூடவே இல்லை. இங்கே பேசப்பட்டவை பேசப்படவில்லை. விசாரணை தொடங்கும் முன்பே ஆறு எதிரிகள் இறந்தது அவர்களுடைய அவசரத்தைக் காட்டுகிறது. கடல் இல்லாத இடத்தில் யாரும் மூழ்க முடியாது என்பதால், மரத்தடியில் இருக்கும் வக்கீல் உயிரோடு இருப்பதாக நாம் கருதலாம். நாளை முதல் விசாரணை ஆரம்பம்."

மறுநாள் இரண்டு சிப்பாய்கள் காவலோடு பெரியவரைக் கடற்கரைக்கு அனுப்பி நிஜமான கடல்நீர் கொண்டுவந்தார்கள். ஊற்றியதும் கூடம் முழுக்க ஒரு வாடை பரவியது. சமையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார். தலைமை நீதிபதி மூக்கைப் பொத்திக்கொண்டு, எல்லாவற்றையும் இன்றே முடித்தாக வேண்டும் என்றார்.

முதல் வேலை, எதிரியின் அடையாளம். குமாஸ்தா பழைய பழக்கத்தில் "எலி" என்று ஆரம்பித்தார்.

"மறுபடியும் எலியா!" ஒற்றைக்காதன் கத்தினான். மறுபிறவி எடுத்த வக்கீல் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தார். "வேண்டாம்பா, வாயை விடாத, நீயே உன் கழுத்துல சுருக்குப் போட்டுக்காத" என்றார்.

"விடுய்யா. எப்படியும் தொங்கத்தான் போறேன். எலி கடிச்சவன்னு தொங்க மாட்டேன். எழுதுங்க!"

தன் அடையாளத்தைத் தானே திருத்திக்கொள்ள எதிரிக்கு உரிமை உண்டு என்று விதிப் புத்தகத்தில் இருந்தது. நீர் இன்னும் இறங்கவில்லை, மணி ஒன்பதரைதான். குமாஸ்தா தச்சரின் பெயரைக் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. சமையல்காரர் சொன்னார், தகப்பன் பெயரோடு, ஊர்ப் பெயரோடு, ஒவ்வொரு எழுத்தாக. அந்தப் பெயரை உரக்கச் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே நினைவில்லை. "புண்ணாக்கு" என்ற சொல் மன்றத்தின் ஏட்டில் இடம்பெறலாமா என்று கால் மணி நேரம் விவாதம் நடந்தது. சொன்னவர் இறந்துவிட்டதால் அவரைக் கண்டிக்க இயலாது என்ற குறிப்போடு சேர்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் தீர்ப்பு. தலைவரைக் கொன்றதற்குத் தூக்கு. மற்றவர்களைப் பற்றித் தீர்ப்பில் ஒரு சொல்லும் இல்லை. மச்சான் செத்தது உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் எழுதப்பட்டிருந்தது, அவரைக் கொன்றவனுடைய அங்க அடையாளப் பகுதியில், காது என்ற தலைப்பின் கீழ்.

ஒற்றைக்காதனை மூன்றாம் நாள் தூக்கிலிட்டார்கள். அன்று மத்தியானம் சமையல்காரர் வழக்கம்போலச் சுவர் ஓட்டைப் பக்கம் போய் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் யாரும் இல்லை. பேச என்று ஒன்றும் இருக்கவில்லை, ஆனாலும் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆயுளில் அரிசிப் பெட்டிக்குள்கூட அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

விடுதலையானதும் ஏட்டின் அந்தப் பக்கத்துக்கு நகல் கேட்டார். கடல் நீதிமன்றத்தின் ஏட்டைக் கரைக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை, அதை நீரின் மேல் வைத்துத்தான் படிக்கலாம், வேண்டுமானால் சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து கேட்கலாம் என்றார்கள். மனுப் போட்டு மூன்று மாதம் காத்திருந்தார். சிறைச் சமையலறையிலேயே வேலை கிடைத்தது, அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். பிறகு மனைவிக்குச் சொல்லி அனுப்பினார்.

அவள் வந்தாள். இளைத்திருந்தாள். பலகையில் ஏறச் சொன்னதும் ஏன் என்று கேட்காமல் ஏறினாள்.

கூடத்தில் குமாஸ்தாவைத் தவிர யாரும் இல்லை. அதே பெரியவர் குடத்தோடு வந்தார். அவரை வேலையிலிருந்து எடுக்க நீதிமன்றத்துக்கு ஆசைதான், ஆனால் அந்த வேலைக்கு வேறு யாரும் மனுப் போடவில்லை. வழக்கு முடிந்ததும் சிப்பாய்களையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பெரியவர் தண்ணீரை ஊற்றிவிட்டு, சமையல்காரரின் முகத்தைப் பார்க்காமல் மெல்ல வெளியே போனார். எந்த வாடையும் வரவில்லை.

"இது கடல், இது கடல், இது கடல்" என்று அறிவித்துவிட்டுக் குமாஸ்தா படித்தார்.

"இடது காது இல்லை. மேற்படி கப்பலின் தச்சர்..." தம்பியின் பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் வந்தன. "...தம் கைவசம் இருந்த உளியால், 'வாடா புண்ணாக்கு' என விளித்து, எதிர்த்து நின்று அறுத்தது. அதன்பின் மேற்படி தச்சரை எதிரி தன் கையாலேயே குத்திக் கடலில் வீழ்த்தியதாக ஒப்புக்கொள்கிறார்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். "அவனேதான்" என்றாள். "வேற யாரு இப்படிப் பேசுவா?" அப்படியே தரையில் உட்கார்ந்து, ஒன்றரை வருஷமாக அழாததை அழுதாள்.

"அம்மா, கடல்ல உட்காரக் கூடாது" என்றார் குமாஸ்தா.

சமையல்காரர் பக்கத்தில் குனிந்தார். "பெட்டிக்குள்ள தள்ளி மூடினதும் அவன்தான்" என்று மட்டும் சொன்னார். அவள் தலையாட்டினாள். எழுந்திருக்க ஊன்றிய கை ஈரமானது. கப்பல்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்தவள், பழக்கத்தில் விரலை நாக்கில் வைத்தாள்.

வைத்தவள் அசையாமல் நின்றாள். புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

குமாஸ்தா ஏட்டை மூடாமல் காத்திருந்தார். "என்னம்மா? தண்ணியில ஏதாச்சும் குறையா? குறைன்னா இப்பவே சொல்லணும். பதிஞ்சதையெல்லாம் மறுபடி பார்க்கணும்."

"குறை ஒண்ணுமில்லீங்க" என்றாள் அவள். "நல்லா கரிக்குது. கடல்தான்."

புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு பலகையில் ஏறினாள்.